ஆணியில் தொங்கிய சாவி

அக்காவுக்கு எதையும் சும்மா கொடுத்துவிட முடியாது. கொடுத்தால் மாட்டிக்கொண்டோம். ஏன் கொடுக்கிறாய், யார் கொடுக்கச் சொன்னது, வேறு யாருக்கெல்லாம் கொடுத்தாய் என்று விசாரணை முடிந்த பிறகுதான் கை நீளும். வருடப் பிறப்புக்கு பிஸ்கட் கம்பெனிக்காரன் சாமி படம் போட்ட காலண்டர் கொண்டுவருவான். எனக்கு முருகன், உனக்கு லட்சுமி என்று நாங்கள் அடித்துக்கொள்வோம். அக்கா ஒவ்வொரு தாளாகப் புரட்டி பன்னிரண்டு மாதமும் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். அப்படியும் முகம் தெளியாது. “இதுல என்னமோ இருக்கு,” என்பார்.

நான் சொல்வது பினாங்கு கடைத்தெருவில் நாங்கள் வேலை பார்த்த மளிகைக்கடையை. முதலாளி அதை மினி மார்க்கெட் என்று சொல்லச் சொல்வார். இரண்டு கல்லா வைத்துவிட்டால் மார்க்கெட் ஆகிவிடுமா என்ன? வாசலை ஒட்டிய முதல் கல்லாவில் அக்கா, அடுத்ததில் நான். அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் தம்பி வீட்டில் இருந்தார். அங்கிருந்து பஸ், பிறகு கடலைத் தாண்ட ஃபேரி, பிறகு நடை. அவ்வளவு தூரம் வந்தும் சேலை மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. தோளில் ஒரு ஊக்கு, இடுப்பில் ஒரு ஊக்கு, அவசரத்துக்கு வளையலில் இரண்டு.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் நாற்காலிக்கு அடியில் ஐந்து வெள்ளி நோட்டு கிடந்தது. நல்ல பிள்ளையாக எடுத்து அக்காவிடம் நீட்டினேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவர்தான் போட்டிருக்கிறார். “எடுத்துக் கொடுத்துட்டேன், நல்ல பொண்ணுன்னு நெனச்சுப்பாங்கன்னு பாக்காத. போட்டு வச்சதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றார். கொடுத்தாலும் திருடி, கொடுக்காவிட்டாலும் திருடி. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மூக்கைச் சிந்திக்கொண்டு புலம்பினேன்.

போகப் போகப் பழகிவிட்டது. யாராவது வாடிக்கையாளர் அவர் சேலை நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அந்த ஆளின் பையை இன்னொரு தடவை எட்டிப் பார்ப்பார். முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். நான் வீட்டிலிருந்து கொண்டுபோகும் வடையை மோந்து பார்க்காமல் வாயில் வைத்ததே கிடையாது. கல்யாணக் கதையும் அப்படித்தானாம். சுங்கை பட்டாணியிலிருந்து வந்த மாப்பிள்ளை குடிக்க மாட்டார், சிகரெட் கிடையாது, சீர் எதுவும் வேண்டாம் என்றாராம். “எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத ஆம்பள எங்கலா இருக்கான்? இதுல என்னமோ இருக்குன்னு வேணாம்னுட்டேன்,” என்று அவரே ஒரு மத்தியானம் சொன்னார். அப்புறம் என்ன இருந்தது அக்கா என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். அந்த மனிதர் வேறொருத்தியைக் கட்டி, பிள்ளை குட்டியோடு இன்றைக்கும் அப்படியே நல்லவராக இருக்கிறாராம். சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடையின் தண்டாஸ் சாவியும் அக்காவின் பொறுப்பில்தான் இருந்தது. பின்கட்டில் ஒரே ஒரு கக்கூஸ். வாடிக்கையாளர்கள் உள்ளே போய் நாசம் செய்கிறார்கள் என்று முதலாளி பூட்டு போட்டுவிட்டார். தொலைந்து போகாமல் இருக்க சாவியை ஒரு கொட்டாங்கச்சியில் கட்டி முதல் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தது. யார் போனாலும் அக்காவின் கண் முன்னால் கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். யார் எப்போது போகிறார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். முதலாளிக்கு வேவு பார்க்கிறார் என்று கடையில் பாதிப் பேர் நம்பினார்கள். எனக்கும் கொஞ்ச நாள் அந்தச் சந்தேகம் இருந்தது.

அந்தக் கொட்டாங்கச்சி பாக்கியத்தின் உபயம். பாக்கியம் எங்கள் கடையில் தேங்காய் துருவிப் பால் பிழிகிறவள். சுங்கை பினாங்கில் என் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே குடியிருந்தாள். கிட்டத்தட்ட என் வயதுதான், ஆனால் அதற்குள் இரண்டு பிள்ளைகள். லாரி ஓட்டிய புருஷன் கால் முறிந்து வீட்டோடு கிடந்தான். மிஷினில் தேங்காயைத் துருவி, பாலைப் பிழிந்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் போட்டுக் கட்டி வைப்பாள். அவள் கைப்பாலுக்கென்றே மலாய்க்காரப் பெண்கள் எங்கள் கடைக்கு வருவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஊரில் வாந்திபேதி வந்தது. முதலில் ஐஸ் கட்டியால் என்றார்கள், பிறகு நண்டால் என்றார்கள், பிறகு தண்ணீரே சரியில்லை என்றார்கள். கட்டில் கிடைக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் தரையில் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. தெருவில் ஐஸ் கச்சாங் விற்றவர் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் காணாமல் போனார். மளிகைக்கடையை மட்டும் யாரும் மூடச் சொல்லவில்லை. சனம் வீட்டில் ஆக்கித் தின்ன வேண்டுமே. எங்கள் கடையில் திருவிழாக் கூட்டம். வருகிறவர்கள் நாங்கள் தொட்ட சில்லறையை வாங்கப் பயந்தார்கள், எங்களுக்கு அவர்கள் நோட்டைத் தொடப் பயம். யாராவது இருமினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வாந்திபேதிக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சாமான் அடுக்கும் பெண்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மற்றவர்களும் நின்றுவிடுவார்களோ என்று முதலாளி பயந்திருக்க வேண்டும். எங்களையெல்லாம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கூட்டி வைத்துப் பேசினார். ஆபத்தான நேரத்தில் உயிரைப் பணயம் வைத்துச் சனங்களுக்குச் சாமான் கொடுக்கிறீர்கள், அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா என்றார். இனி வாரா வாரம் சம்பளம் போக முப்பது வெள்ளி. சனிக்கிழமை சாயங்காலம் கையில் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை, வாரம் முழுக்க வந்திருக்க வேண்டும். உடம்பு முடியவில்லை என்று ஒரு நாள் எம்.சி. விடுப்பு போட்டாலும் அந்த வாரக் காசு கிடையாது.

நாங்கள் கை தட்டினோம். முப்பது வெள்ளி அன்றைக்குச் சின்னக் காசு இல்லை. பாக்கியம் என் கையைப் பிடித்து அழுத்தினாள். கை தட்டாமல் நின்ற ஒரே ஆள் அக்கா.

“என்னக்கா, இதுலயும் என்னமோ இருக்கா?” என்று கிண்டலாகக் கேட்டேன்.

“பயந்து ஓடறவங்கள நிறுத்தி வைக்கத்தான் கொடுக்கறாரு. அது சரி. வயித்தால போறவ வீட்ல இருந்தா காசு போச்சு. அப்ப அவ என்னா செய்வா?” என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்லது நடக்கும்போதும் இந்த மனுஷிக்கு மூக்கில் வேர்த்துவிடுகிறதே என்று நினைத்தேன். அக்கா அதோடு விடவில்லை. முதலாளியிடம் போய், நோய் என்று வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அந்தக் காசைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். “வீட்ல படுத்திருக்கறவங்களுக்கு என்னம்மா ரிஸ்க்?” என்று முதலாளி திருப்பிக் கேட்டாராம். நியாயமான கேள்வி போலத்தான் இருந்தது.

சனிக்கிழமை, தீபாவளி அன்பளிப்புக்கு அச்சடித்து மிஞ்சிய அங்பாவ் உறைகளில் போட்டு முதலாளி காசு கொடுத்தார். உறையில் குத்துவிளக்கு படம். அக்கா தன் உறையைப் பிரித்து நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கைப்பையில் வைத்தார். வேண்டாம் என்றால் முதலாளி சந்தேகப்படுவார் என்பது அவர் கட்சி.

அதற்குப் பிறகு அக்காவின் கண் ஆணியைவிட்டு நகரவில்லை. கொட்டாங்கச்சியைத் தொட்டவர் முகத்தையெல்லாம் ஊடுருவிப் பார்த்தார். எனக்குச் சாவியை எடுக்கவே கூச்சமாகிவிட்டது. அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நாளும் உண்டு. தன் காசில் இரண்டு கட்டி சோப்பு வாங்கிப் பின்கட்டில் வைத்தார். கை கழுவிவிட்டு வருகிறவர்களின் கையை மோந்து பார்க்காததுதான் குறை.

அடுத்த வாரம் பாதியில் பாக்கியத்தின் முகம் சரியில்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. காலையிலிருந்தே சாவிக்கு வந்தாள். ஒரு தடவை வாளித் தண்ணீர் எடுக்க, ஒரு தடவை துணி அலச, ஒரு தடவை காரணமே சொல்லவில்லை. மறுபடி வந்தபோது அக்கா கொட்டாங்கச்சியைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த கல்லாவில் இருந்ததால் எனக்குக் காதில் விழுந்தது.

“பாக்கியம், உனக்கு வயித்தால போவுதா?”

“சீச்சீ, இல்லக்கா. பொம்பளைங்க சமாச்சாரம்.”

“வீட்டுக்குப் போறியா? முப்பது வெள்ளிய நான் தரேன்.”

“நீங்க எதுக்குக்கா தரணும்?” என்றாள் பாக்கியம். அவள் குரல் மாறிவிட்டது. தன்னைக் கடையைவிட்டு அனுப்ப அக்கா ஏதோ திட்டம் போடுகிறார் என்றே நினைத்திருப்பாள். சும்மா யாராவது காசு கொடுப்பார்களா? அக்காவின் பாடத்தை அக்காவிடமே ஒப்பித்துவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அக்கா எழுந்து முதலாளியின் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கல்லாக இருந்தது. கடையில் யாருக்கோ நோய் இருக்கிறது, எல்லோரையும் சோதிக்கச் சொல்லுங்கள் என்றாராம். யார், பெயரைச் சொல் என்றாராம் முதலாளி. பெயரைச் சொன்னால் அன்றைக்கே பாக்கியத்தின் சீட்டு கிழியும். முதலாளி உள்ளே இருந்தபடியே கத்தினார், நாங்கள் எல்லோரும் கேட்டோம்: “பேரச் சொல்லு, இல்லன்னா போயி வேலையப் பாரு.” அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை. பாக்கியம் வந்திருந்தாள். மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பால் பிழிந்துகொண்டிருந்தாள். அவளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன், ஆனால் கடை நிறையக் கூட்டம். இடுப்பில் குழந்தையோடு ஒரு மலாய்க்கார அம்மா அக்காவின் கல்லாவில் சாமான்களை வைத்தாள். அரிசி, ஒரு பாட்டில் கிச்சாப், ஒரு பை தேங்காய்ப்பால். குழந்தை பையை நோண்டி ரப்பரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

அக்கா குழந்தையின் வாயிலிருந்து ரப்பரை மெதுவாக எடுத்தார். பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு எழுந்து நின்றார்.

“எனக்கு வயித்தால போவுது,” என்றார். சத்தமாக. யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாது என்று மலாயிலும் சொன்னார், “சாயா சிரிட்-பிரிட்.” சீன வாடிக்கையாளர்களுக்காக வயிற்றைத் தொட்டு, கையைக் கீழே வீசியும் காட்டினார்.

யோசித்துப் பாருங்கள். சேலை மடிப்பு கலையாத, கல்யாணம் ஆகாத ஒரு பொம்பளை, கடை நிறைய ஆண்கள் நிற்கும்போது சொல்கிற பேச்சா அது? எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த மலாய்க்கார அம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் கடையே ஓடியது. முதலாளி வந்து, உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டபோது அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஆணியைப் பார்த்தேன். சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில் பாக்கியத்தைத் தவிர வேறு யாரும் அதைத் தொடவில்லை. அப்படிக் கத்தும்வரை அக்கா தன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

ஓடியவர்களில் யாரோ சுகாதார இலாகாவுக்கு ஃபோன் போட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வேன் வந்தது. எங்கள் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவராகத் தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் பஞ்சு வைத்துச் சோதனை எடுத்தார்கள். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். பாக்கியத்துக்குச் சோதனையே தேவைப்படவில்லை. வரிசையில் நிற்கும்போதே சரிந்துவிட்டாள். அவளையும் அக்காவையும் ஒரே வேனில் ஏற்றினார்கள். பாக்கியத்துக்குப் பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் ஏறியது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டாள் என்று நர்ஸ் அவள் புருஷனிடம் சொன்னாளாம். அக்காவை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

தேங்காய் மிஷினுக்குச் சீல் வைத்தார்கள். கடையை மூடினார்கள். அந்த வாரம் யாருக்கும் முப்பது வெள்ளி கிடைக்கவில்லை. மறுபடி திறந்தபோது, ஆபத்து குறைந்துவிட்டது என்று சொல்லி முதலாளி அதை அடியோடு நிறுத்திவிட்டார். “அவருக்குக் கொறஞ்சிருக்கும்,” என்றார் அக்கா. அவரை வேலையைவிட்டு எடுக்காததற்கு ஒரே காரணம், கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வேறு ஆள் இல்லாததுதான்.

சந்தேகம் இப்போது அக்கா பக்கம் திரும்பியது. எதிர்க்கடைக்காரன் காசு கொடுத்து அப்படிக் கத்தச் சொன்னான் என்றார்கள். இன்னொரு பேச்சு அதைவிட வேகமாகப் பரவியது. முதலில் நோய் என்று சொன்னது யார்? அக்கா. தினமும் பஸ்ஸிலும் ஃபேரியிலும் ஊரெல்லாம் சுற்றி வருவது யார்? அக்கா. சாவியைத் தொட்டுக் கொடுப்பது யார்? அவர்தான் நோயைக் கொண்டுவந்து அந்தக் கொட்டாங்கச்சி வழியாகப் பாக்கியத்துக்கு ஒட்டவைத்தார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சோதனையில் அக்காவுக்கு ஒன்றும் இல்லையே என்று நான் சொன்னேன். மருந்து சாப்பிட்டு மறைத்திருப்பார் என்றார்கள்.

பாக்கியமும் அதைத்தான் நம்பினாள். நம்பாமல் அவளுக்கு வழி இல்லை. தனக்கு நோய் முன்பே இருந்தது என்று ஒப்புக்கொண்டால், அந்தக் கையால் பிழிந்த பாலை ஊருக்கு விற்றதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்த முதல் நாள், அக்கா நீட்டிய சாவியை அவள் வாங்கவில்லை. என்னிடம் வந்து, அக்காவுக்குக் கேட்கும்படி சொன்னாள்: “என் புள்ளைங்களுக்கு அம்மா இல்லாமப் போயிருக்கும், இந்தப் பொம்பளையால.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வாயைத் திறந்தேன். அக்கா ஒரு பத்து வெள்ளி நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், நோட்டுக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் நான் வரும்போது ஆணி இடம் மாறியிருந்தது. தன் பக்கத்திலிருந்து பிடுங்கி, என் கல்லாவுக்குப் பக்கத்தில் அடித்து, சாவியை அங்கே மாட்டியிருந்தார். பாக்கியம் அவர் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை.

கல்யாணமாகி நான் செபராங் ஜெயாவுக்குப் போய்விட்டேன். பாக்கியம் பாசார் சந்தையில் சொந்தமாகத் தேங்காய்ப்பால் கடை போட்டாள், நன்றாகவே ஓடியது. ஊருக்கு வந்தால் அவளிடம்தான் வாங்குவேன். பிள்ளைகள் வளர்ந்து அவளுக்கு ஒத்தாசையாக நின்றார்கள். அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் மிஷினைப் போட்டுவிடுவாள். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

ஒரு தடவை ஃபேரியில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, ஊக்குகள் அப்படியே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து என் கையில் இருந்த கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தை நீட்டினேன். எங்கே வாங்கினாய், எப்போது வாங்கினாய் என்ற விசாரணை முடிந்து வாங்கிக்கொண்டார். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு நெசமாவே உங்களுக்கு வயித்தால போச்சா? சாவி ஆணியிலதான் இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“யாரு கேக்கச் சொன்னா?” என்றார். வழக்கமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு அந்தக் குரலில் சந்தேகம் இல்லை. “பாக்கியமா?”

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் செல்லாது.

“இல்லக்கா. அவ கேக்கல.”

“அப்ப விடுலா,” என்றார் அக்கா. பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கடலையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.